மூன்றாவது சரணமும் முந்நூறு பென் டிரைவ்களும்

ஹைரவிக் நகராட்சிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கொதிகலன் அறைக்குப் பக்கத்து அறையில், சோல்வை குரோக்ஸ்கோர் இருபத்தேழு வருடமாக உட்கார்ந்திருந்தாள். மேலே இருநூற்றுப் பதினான்கு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருவர்கூட "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பதற்காக அந்தப் படியில் இறங்கியதில்லை. "பிரிண்டர் ஓடல", "பாஸ்வேர்டு மறந்துபோச்சு", "நான் ஒண்ணுமே பண்ணல, அதுவா போயிடுச்சு" என்று இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லத்தான் வருவார்கள். மூன்றாவதைச் சொல்கிறவர்கள் கட்டாயம் எதையோ பண்ணித் தொலைத்திருப்பார்கள்.

வருகிறவர்களுக்கு உட்கார நாற்காலிகூட அவள் போடவில்லை. நின்றால்தான் சீக்கிரம் போவார்கள் என்பது அவள் கணக்கு. ஓரத்தில் ஒரு முக்காலி உண்டு, அதன்மேல் எப்போதும் ஒரு பழைய கணினித் திரை உட்கார்ந்திருக்கும்.

சோல்வையின் ராஜ்ஜியத்தில் எல்லாருக்கும் மனப்பாடமான சட்டம் ஒன்றே ஒன்றுதான். கணினியைப் பூட்டாமல் இருக்கையை விட்டு எழுந்தால், அந்தப் பக்கம் போகிற யாரும் அதில் உட்கார்ந்து உங்கள் பெயரிலேயே மின்னஞ்சல் அனுப்பலாம்: 'நாளைக்கு என் செலவில் கேக்.' அனுப்பியது யார் என்று விசாரிக்கக் கூடாது. மறுநாள் கேக்கோடு வந்தாக வேண்டும். ஊரில் இருக்கிற எல்லா அலுவலகத்திலும் இந்த வழக்கம் உண்டுதான். ஆனால் யார் எத்தனை தடவை மாட்டினார்கள் என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தவள் இவள் ஒருத்திதான். கட்டடப் பராமரிப்பாளர் ஐனர் ஐந்து முறை மாட்டியிருந்தார். பணியாளர் பிரிவுத் தலைவி ரெகிட்ஸா ஒரே முறை மாட்டி, கோதுமையே இல்லாத கேக் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதைத் தின்றவர்கள் இன்னும் அவளை மன்னிக்கவில்லை. சோல்வையின் பெயர் நோட்டில் கிடையாது. தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட அவள் விரல் தானாகவே பூட்டிவிட்டுத்தான் எழும்.

செப்டம்பரில், பாதுகாப்பு வகுப்பு என்று எல்லாரையும் கூட்டி வைத்து அவள் ஒரு மணி நேரம் பேசினாள். வருடத்தில் ஒருநாள் கிடைக்கிற மேடை, விடுவாளா?

"வீட்டுக்கு வந்த விருந்தாளி சாப்பிட்டு கையக் கழுவிட்டுப் போயிடுவான். ஆனா வீட்டுக்காரம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். யாரு, எந்த ஊரு, எத்தனை மணிக்கு வந்தான், எத்தனை மணிக்குப் போனான். கம்ப்யூட்டரும் அப்படித்தான். நீங்க பென் டிரைவைப் பிடுங்கிக்கிட்டுப் போயிடலாம். அதைப் பண்ணின கம்பெனி, அதோட அளவு, சீரியல் நம்பர், முதல்ல செருகின நேரம், கடைசியா உருவின நேரம், எல்லாத்தையும் சிஸ்டம் எழுதி வச்சிருக்கும். நான் கேட்டா சொல்லிடும்."

முதல் வரிசையில் இருந்த ரெகிட்ஸா அதைக் குறித்துக்கொண்டு, அடியில் இரண்டு கோடு போட்டாள். அடுத்த மாதமே, வெளியிலிருந்து கொண்டுவரும் பென் டிரைவை நகராட்சிக் கணினிகளில் செருகக் கூடாது என்று விதி வந்தது. விதியின் கீழே சோல்வையின் கையெழுத்து இருந்தது.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். சோல்வை கெட்டது வாயாலும் கையெழுத்தாலும்.

கிறிஸ்துமஸ் விருந்து டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை நடந்தது. ஹெர்ரிங் மீனும் முதல் சுற்றுச் சாராயமும் வந்தபோது, ஒவ்வொரு தட்டின் அடியிலும் ஒரு மஞ்சள் தாள் இருந்தது. அதில் பாட்டு. பிறந்தநாளோ, வெள்ளிவிழாவோ, ஓய்வு பெறுகிற நாளோ, யாராவது ஒருவர் எல்லாருக்கும் தெரிந்த மெட்டில் பாட்டுக் கட்டி, நாயகனைக் கிழி கிழியென்று கிழிப்பது வழக்கம். நாயகன் சிரித்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் நாகரிகம். இந்தத் தடவை நாயகன் ஆணையர் பெர்த்தெல். ஒல்லியான மனிதர், சைக்கிளில் வருவார், பத்து வருடமாக ஒரே பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை. தாளில் எழுதியவர் பெயர் மட்டும் இல்லை.

*காசை இறுக்கினால் காசே கதறும்,*
*காப்பிக்கு பிஸ்கட் இல்லை;*
*மேசை விளக்கை மூன்றுக்கே அணைப்பார்,*
*மிச்சமாம், நமக்குத் தொல்லை!*

இரண்டாவது சரணம் கழிவறைத் தாளைப் பற்றியது. அதை இங்கே எழுத முடியாது. அதைப் பாடும்போது வரிப் பிரிவில் இருந்த ஒரு பெண் சிரிப்புத் தாங்காமல் மேசைக்கடியில் போய்விட்டாள். பெர்த்தெலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு மூன்றாவது சரணம் வந்தது.

*பென் டிரைவைத் திருப்பித் திருப்பிச் செருகுவார்,*
*பிறர்பா ராமல் கதவடைப்பார்;*
*இன்னும் நுழையலை, யந்திரம் செத்ததென்று*
*இரண்டு முறை அதை உதைப்பார்!*

இருநூறு பேர் மேசையைத் தட்டினார்கள். 'இன்னொரு தரம்! இன்னொரு தரம்!' என்று கத்தி, முழுப் பாட்டையும் மூன்று முறை பாடினார்கள். பெர்த்தெலின் உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் முகம் அதிலிருந்து எழுந்து வேறெங்கோ போய்விட்டது. அதைக் கவனித்தவள் சோல்வை ஒருத்திதான். கவனித்ததும் அவள் தலையைக் குனிந்து தன் தட்டிலிருந்த ஹெர்ரிங்கைப் பார்த்தாள்.

ஏனென்றால் பாட்டை எழுதியது அவள்தான்.

நவம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், சமையலறையில், ரொட்டி வந்த காகிதப் பையின் பின்பக்கம் எழுதினாள். அவள் கணவர் எப்பெ உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே மெட்டுக்குச் சரியாக வருகிறதா என்று பாடிப் பார்த்தார். மாத இறுதி வெள்ளியன்று, நகராட்சிக்காரர்கள் எல்லாரும் பிள்ளைகளோடு கூடிக் கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்குக் காகித இதயம் வெட்டி ஒட்டுகிற சாயங்காலம், வண்ணத்தாள் எடுக்க நூறு பேர் நகல் அறைக்குள் போய் வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக அவளும் போனாள். அங்கிருந்த பொதுக் கணினிக்கு யாரும் பெயர் சொல்லி நுழையத் தேவையில்லை. மின்னஞ்சலில் அனுப்பினால் பெயர் பதியும் என்று ஜாக்கிரதையாக பென் டிரைவில் எடுத்துப் போனாள். செருகினாள், இருநூற்றிருபது தாள் அடித்தாள், உருவிக்கொண்டு வந்துவிட்டாள். பென் டிரைவும் பதியும் என்பது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அதைக் கேட்டு வாங்கத் தெரிந்த ஆள் அந்தக் கட்டடத்தில் தான் ஒருத்திதான், தன்னிடம் யார் கேட்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை ரெகிட்ஸா படியிறங்கி வந்தாள்.

"சோல்வை, ஒரு வேலை இருக்கு. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

"பிரிண்டரா?"

"பாட்டு."

சோல்வை திரையைப் பார்த்தபடியே இருந்தாள். கழுத்து மட்டும் சூடாகிவிட்டது.

"பாட்டுல எனக்கு ஒண்ணுமில்ல. நானும்தான் பாடினேன். ஆனா அந்த மஞ்சத் தாள் நகல் அறையில மட்டும்தான் இருக்கு. அங்க இருக்கற கம்ப்யூட்டர்ல யாரோ வெளியிலேருந்து கொண்டுவந்து செருகியிருக்காங்க. உங்க விதி, சோல்வை. நீங்க கையெழுத்துப் போட்டது."

"ஆமா. என் விதிதான்."

"ஐனர்தான் பண்ணியிருப்பார்னு ஊருக்கே தெரியும். இங்க பாட்டுக் கட்டறது அவர் ஒருத்தர்தானே. ஆனா எழுத்துல வேணும். அவருக்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் இருக்கு. ரெண்டாவது போச்சுன்னா..." ரெகிட்ஸா முடிக்காமல் கையை மட்டும் விரித்தாள்.

முதல் கடிதத்தின் கதை எல்லாருக்கும் தெரியும். போன குளிர்காலத்தில் ஐனர் வண்டி நிறுத்துமிடம் முழுக்கப் பனியை அள்ளினார். ரெகிட்ஸாவின் இடத்தை மட்டும் பதினொரு நாள் மறந்துபோனார். பத்தாம் நாள் மறதியில் அவள் காரைச் சுற்றி ஒரு சின்ன மதிலே எழும்பியிருந்தது.

"கேட்டா சொல்லிடும்னு நீங்கதானே சொன்னீங்க? கேளுங்க. வியாழக்கிழமை பத்து மணிக்கு பெர்த்தெல் ரூம்ல உட்காரலாம்."

அவள் போனதும் சோல்வை கணினியைப் பூட்டிவிட்டு நேரே உணவுக்கூடத்துக்கு ஓடினாள். அங்கே ஐனர் மாப்பிள்ளை மாதிரி நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். வரிப் பிரிவுப் பெண்கள் அவருக்குக் காப்பி வாங்கி வைத்திருந்தார்கள். யாரோ தங்கள் சொந்த பிஸ்கட்டையும் வைத்திருந்தார்கள். சோல்வை அவரை ஜன்னலோரம் இழுத்துப் போனாள்.

"ஐனர், அந்தப் பாட்டை நீ எழுதலன்னு இப்பவே போய்ச் சொல்லு."

"எதுக்குச் சொல்லணும்? நான் எழுதினேன்னா சொன்னேன்? மீசையத் தடவிக்கிட்டேன், அவ்வளவுதான்."

"மீசையத் தடவினதுக்கு வேலை போகப் போவுதுய்யா! ரெகிட்ஸா கத்தியத் தீட்டிக்கிட்டு இருக்கா."

"தீட்டட்டும். முப்பது வருஷமா பாட்டுக் கட்டறேன் தாயே. ஒரு பய ரெண்டாவது தடவை பாடினதில்ல. இப்பதான் மூணு தடவை பாடியிருக்கானுங்க. அதை வேண்டாங்கச் சொல்றியா?"

"அது நீ எழுதினதே இல்லையே!"

"எழுதினவன் எங்க? பேரைப் போடத் துப்பில்லாத பயந்தாங்கொள்ளி. நாதியில்லாம தெருவுல கிடந்துது, நான் எடுத்து வளக்கறேன்." ஐனர் பிஸ்கட்டைக் கடித்தார். "ஆனா ஒண்ணு, முதல் ரெண்டு சரணம் பிரமாதம். மூணாவது சும்மா அடிச்சு விட்டது. பெர்த்தெல் பென் டிரைவோட மல்லுக்கட்டி யாரு பாத்தா? நான் பாத்ததில்ல. வரிப் பிரிவுல கேட்டேன், அவங்களும் பாத்ததில்ல."

சோல்வைக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் பொறாமை. தன் பாட்டுக்கு இன்னொருத்தர் பிஸ்கட் தின்கிறார் என்கிற எரிச்சல் வேறு. இருபத்தேழு வருடத்தில் அந்தக் கட்டடம் அவள் செய்த ஒன்றுக்குக் கைதட்டியது அந்த வெள்ளிக்கிழமைதான். அந்தக் கைதட்டலும் கைமாறிப் போய்விட்டது. இப்போது அதற்காக ஒரு மனிதரின் சோற்றில் மண் விழப் போகிறது.

புதன்கிழமை மதியம் அவள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்க உட்கார்ந்தாள்.

இயங்குதளத்திடம் கேட்பதில் ஒன்றும் மாயமந்திரம் இல்லை. இரண்டு வரி கட்டளை தட்டினால் போதும், அது தன் நினைவிலிருப்பதை ஒன்றுவிடாமல் ஒப்பிக்கும். நகல் அறைக் கணினி இதுவரை முப்பத்தொரு பொருளைப் பார்த்திருந்தது. ஒரு கேமரா, இரண்டு கைபேசி, யாரோ கொண்டுவந்து மாட்டிய குட்டி மின்விசிறி ஒன்றும்கூட. கடைசிக்கு முந்தைய வரியில் நின்றது அவளுடைய பாவம்: நவம்பர் 28, மாலை 4.42க்கு உள்ளே, 4.51க்கு வெளியே. தயாரித்தவர் பெயர் இல்லாத நான்கு ஜிபி பென் டிரைவ், அதற்குப் பின்னால் நீளமாக ஒரு வரிசை எண்.

அந்த ஒரு வரியை அழிக்க அவளுக்கு அரை நிமிடம் போதும். அழித்த தடத்தையும் அழிக்க இன்னொரு அரை நிமிடம். விரல் அந்தப் பொத்தானுக்கு மேலே போய் நின்றது. எனக்கு நானே பொய் சொல்ல மாட்டேன் என்று பெருமை பேசுகிறவர்களுக்கு விரல் அங்கே போய் நிற்காது என்று யார் சொன்னது? அவள் விரலை எடுத்து, இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். இதுவரை ஒரு பதிவையும் அவள் தொட்டதில்லை. இப்போது தொட்டால், இனிமேல் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எதைச் சொன்னாலும் அது வெறும் சத்தம். வருவது வரட்டும் என்று ஒரு முடிவுக்கு வந்தாள். பதிவு சொல்வதை அப்படியே கொடுப்பது. 'நீயா?' என்று யாராவது நேருக்கு நேர் கேட்டால் 'நான்தான்' என்று சொல்லிவிடுவது.

அடுத்த கேள்வியைத் தட்டினாள்: இந்த எண்ணுள்ள பென் டிரைவைக் கட்டடத்தில் வேறு எந்தக் கணினி பார்த்திருக்கிறது? ஒரே ஒரு வரி வரும், அது தன்னுடைய மடிக்கணினியாக இருக்கும் என்று கண்ணை இடுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

ஒரு வரி வந்தது. அது வரிப் பிரிவு. பிறகு நூலகம். பிறகு பூங்காப் பிரிவு, முதியோர் நலம், சாக்கடைப் பிரிவு. திரை நிரம்பி மேலே ஓடத் தொடங்கியது. நாற்பது, தொண்ணூறு, நூற்று அறுபத்து மூன்று.

கேள்வியில்தான் பிழை என்று மறுபடி தட்டினாள். மறுபடியும் நூற்று அறுபத்து மூன்று. பிறகு மேசை இழுப்பறையைக் குடைந்து, உறை பிரிக்காத இரண்டு பென் டிரைவ்களை எடுத்தாள். நாரைச் சின்னம் போட்டவை. நகராட்சியின் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்கு பெர்த்தெல் முந்நூறு வாங்கி எல்லாருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தது. உலகத்திலேயே மலிவான பென் டிரைவ் எது என்று ஒரு வாரம் தேடி வாங்கினார். பாட்டை எடுத்துப் போக அவள் கையில் கிடைத்ததும் அதில் ஒன்றுதான்.

முதலாவதைச் செருகி எண்ணைக் கேட்டாள். உருவிவிட்டு இரண்டாவதைச் செருகிக் கேட்டாள். ஒரே எண்.

பிள்ளைக்குப் பெயர் வைப்பது மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வைத்துத்தான் தொழிற்சாலையை விட்டு அனுப்ப வேண்டும். அந்த மலிவுத் தொழிற்சாலைக்காரன் அதிலும் மிச்சம் பிடித்திருக்கிறான். முந்நூறு பிள்ளைக்கும் ஒரே பெயர்!

சோல்வை சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கொதிகலன் அறைக் கதவு திறந்தது. ஐனர் தலையை நீட்டினார்.

"என்னாச்சு? உசிரோடதான் இருக்கியா?"

"இருக்கேன். போய் வேலையப் பாரு."

வியாழக்கிழமை பத்து மணிக்கு பெர்த்தெலின் அறையில் நால்வரும் உட்கார்ந்தார்கள். ஐனர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். சோல்வை ஆளுக்கு ஏழு பக்கம் கொடுத்தாள்.

"ஏழு பக்கமா?" என்றாள் ரெகிட்ஸா. "ஒரு பேர்தானே கேட்டேன்?"

"நகல் அறையில செருகின பென் டிரைவோட நம்பர் முதல் பக்கத்துல இருக்கு. அதே நம்பர் வேற எந்தக் கம்ப்யூட்டர்ல எல்லாம் செருகியிருக்குன்னு மீதி ஆறு பக்கம்."

ரெகிட்ஸா விரலால் வரிவரியாக இறங்கினாள். "ஐனர் கம்ப்யூட்டர்... இதோ இருக்கு, பாருங்க! நான் சொல்லல? பக்கம் மூணு."

"இருக்கு. பக்கம் நாலும் பாருங்க."

"நாலுல என்ன?" விரல் இறங்கி நின்றது. "இது என் கம்ப்யூட்டர்."

"ஆமா."

"நான் அந்தப் பாட்டை எழுதல!"

"எழுதினீங்கன்னு நான் சொல்லல. அந்த நம்பர் உங்க கம்ப்யூட்டர்ல பதிஞ்சிருக்குன்னுதான் சொல்றேன். நூத்து அறுபத்து மூணு கம்ப்யூட்டர்ல பதிஞ்சிருக்கு. நம்ம ஆண்டு விழா பென் டிரைவ். எல்லாத்துக்கும் ஒரே நம்பர்." சோல்வை தொண்டையைச் செருமிக்கொண்டாள். "தேதி வாரியாப் பாத்தா, அதை இந்தக் கட்டடத்துல முதல் முதல்ல செருகினது இந்த ரூம்ல."

எல்லாரும் பெர்த்தெலைப் பார்த்தார்கள். அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப யாருதான் எழுதினது?" என்றாள் ரெகிட்ஸா.

"அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது."

"உங்களுக்கு?"

வந்துவிட்டது. சோல்வை மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். அதற்குள் ஐனர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து, கவலையோடு கேட்டார்: "ஒரு நிமிஷம். இதனால நான் எழுதலன்னு ஆயிடுமா?"

"நீங்க எழுதினீங்களா?" என்றார் பெர்த்தெல்.

ஐனரின் கை மீசைக்குப் போனது. பாதி வழியில் ரெகிட்ஸாவின் முகத்தைப் பார்த்துத் திரும்பி வந்தது. "இல்ல," என்றார். பல்லைப் பிடுங்கினாற்போல் இருந்தது அவர் முகம். "எழுதியிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்."

"போதும். இதை மூடிடு, ரெகிட்ஸா. பென் டிரைவ் வாங்கினது நான். விதிப்படி பாத்தா அது வெளிப் பொருளும் இல்ல, நம்ம குடுத்ததுதான்." பெர்த்தெல் ஏழு பக்கத்தையும் நான்காக மடித்துக் கம்பளிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

ஐனர் தப்பித்தார். சோல்வையும் தப்பித்தாள். படியிறங்கும்போது துள்ளிக் குதித்திருக்க வேண்டும், ஆனால் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அப்படியும் ஏதோ திருட்டுத்தனம் செய்துவிட்ட மாதிரியே இருந்தது.

மூன்று மணிக்கு மேசை விளக்குகள் அணைந்தன. அணைந்த கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. பெர்த்தெல் வந்து நின்றார். பழைய திரையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கீங்க, சோல்வை?"

"பிரிண்டரா?" என்றாள்.

"இல்ல. பாட்டு." அவர் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். "முதல் சரணம் ஊருக்கே தெரிஞ்ச விஷயம். ரெண்டாவது, கழிவறைக்குப் போற எல்லாருக்கும் தெரியும். மூணாவது மட்டும், நான் கதவைச் சாத்தினதுக்கு அப்புறம் நடந்தது. அந்த ரூம்ல அப்ப இருந்தது ரெண்டே பேர்."

சோல்வைக்குக் காதுவரை சிவந்தது. பதிவைத் தொட மாட்டேன், பொய் சொல்ல மாட்டேன் என்று நேற்றிலிருந்து தன்னையே மெச்சிக்கொண்டிருந்தாளே, அசல் தப்பு எங்கே இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் மூடிய கதவை இருநூறு பேருக்கு முன்னால் திறந்தவள் அவள்.

"நான்தான் எழுதினேன்."

"தெரியும். விருந்துல ஹெர்ரிங்கை அவ்வளவு அக்கறையாப் பாத்தது நீங்க ஒருத்தர்தான்."

"அப்புறம் ஏன் கூட்டத்துல கேக்கல?"

"பதிவை மாத்துவீங்களான்னு பாத்தேன்."

"மாத்தலாமான்னு இருந்துச்சு."

"இருக்கும்." அவர் கம்பளிச் சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "இந்த வேலைக்கு வந்தப்பவே எனக்கு வயசாயிடுச்சு, சோல்வை. சின்னப் பசங்ககிட்ட கேக்க வெக்கம். உங்ககிட்ட மட்டும்தான் கேப்பேன். நீங்க சிரிக்க மாட்டீங்கன்னு."

"சிரிக்கல. உங்க முன்னால ஒருநாளும் சிரிச்சதில்ல."

"வீட்டுக்குப் போய்ச் சிரிச்சீங்க."

"ஆமா," என்றாள். "மன்னிச்சிடுங்க, பெர்த்தெல். எதுகை கிடைச்ச சந்தோஷத்துல எழுதிட்டேன். எழுதியிருக்கக் கூடாது."

கண் கரித்தது. அழுகையை அந்த மனிதருக்குக் காட்ட அவளுக்கு மனமில்லை. "காப்பி கொண்டு வரேன்," என்று எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனாள். கொதிகலன் அறைக் குழாயில் முகத்தைக் கழுவி, ஐனரின் கூஜாவிலிருந்து இரண்டு கோப்பையில் ஊற்றி, மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு திரும்பினாள். பெர்த்தெல் முக்காலியில் பழையபடி முழங்கால்மேல் கைவைத்து உட்கார்ந்திருந்தார். இருவரும் பிஸ்கட் இல்லாமல் காப்பி குடித்தார்கள்.

கதவருகே போய் அவர் திரும்பினார். "பாட்டு நல்லா இருந்துச்சு. ரெண்டாவது சரணத்தை நான் குளிக்கும்போது பாடறேன். என் பொண்டாட்டி கதவைத் தட்டறா."

அவர் காலடிச் சத்தம் மேல்படியை எட்டுவதற்குள் ஐனர் கதவை உடைக்காத குறையாக உள்ளே வந்தார்.

"அடிப்பாவி! நீதானா?"

"என்ன நான்?"

"எந்த நேரமும் பூட்டு பூட்டுன்னு எங்க உசிர வாங்கினியே, இப்ப பாரு!" கைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

3.19 மணிக்கு, சோல்வை குரோக்ஸ்கோர் என்கிற பெயரிலிருந்து, இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் ஒரு மின்னஞ்சல் போயிருந்தது:

'நாளைக்கு என் செலவில் எல்லாருக்கும் புருன்ஸ்வீர் கேக். வெண்ணெயிலும் சர்க்கரையிலும் கஞ்சத்தனம் கிடையாது. விருந்தில் நீங்கள் மூன்று முறை பாடிய பாட்டை எழுதியவள் நான்தான். அதில் நான்காவது சரணம் ஒன்று பாக்கி. என்னைப் பற்றியது. அதை எழுதி நானே பாடிக் காட்டுவேன்.'

சோல்வை மெதுவாகத் திரும்பித் தன் கணினியைப் பார்த்தாள். திறந்து கிடந்தது. இருபத்தேழு வருடத்தில் முதல் தடவை. பக்கவாட்டில் நாரைச் சின்னம் போட்ட பென் டிரைவ் ஒன்று, நேராக, அழகாகச் செருகியிருந்தது.

"யாரு அனுப்பினது?" என்றார் ஐனர்.

"விசாரிக்கக் கூடாது. சட்டம்." வருவது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"நான் கேக்கல, கம்ப்யூட்டரைக் கேளு. கேட்டா சொல்லிடும்ல?"

பழக்க தோஷம், விரல் தானாகவே இரண்டு வரியைத் தட்டியது. இயங்குதளம் ஒப்பித்தது: 3.17க்கு உள்ளே. நான்கு ஜிபி. தயாரித்தவர் பெயர் இல்லை. வரிசை எண், அந்தக் கட்டடத்தில் நூற்று அறுபத்து மூன்று கணினிக்குத் தெரிந்த அதே எண். செருகுவதற்கு முன்னால் எத்தனை தரம் திருப்பிப் பார்த்தார் என்பது மட்டும் அதில் இல்லை.

"யாரோட பென் டிரைவாம்?"

"உன்னோடது," என்றாள் சோல்வை. "என்னோடதும்."

அதற்குள் பதில்கள் வந்து விழத் தொடங்கின. வரிப் பிரிவுப் பெண்கள் பன்னிரண்டு இதயம் அனுப்பியிருந்தார்கள். பூங்காப் பிரிவு ஆளுக்கு இரண்டு துண்டு கேட்டது. ரெகிட்ஸா ஒரே வரி எழுதியிருந்தாள்: 'எனக்குக் கோதுமை இல்லாதது.' சோல்வை தன் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் தன் பெயரைத் தானே எழுதினாள். பிறகு எப்பெவுக்குப் போன் போட்டு, வெண்ணெய் எட்டுக் கிலோ வேண்டும், ரொட்டிப் பை ஒன்றையும் தூக்கிப் போடாமல் வைத்திரு என்றாள்.